நாற்பத்தேழு நாள் காலை டூட்டி

மத்தியானம் இரண்டு மணிக்கு வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

உப்போடை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். காலையில் வார்டுக்குள் போன நர்ஸ், அடுத்தவள் வந்து, கட்டில் கட்டிலாகக் கூட நடந்து, இன்னாருக்கு இன்ன மருந்து, இன்னாருக்கு விடியற்காலையில் மூச்சு முட்டியது, இன்னார் கஞ்சியைத் தள்ளிவிட்டார் என்று அத்தனையையும் காதால் கேட்டு வாங்கி, ரிப்போர்ட் புத்தகத்தில் 'எடுத்துக்கொண்டேன்' என்று எழுதிப் பெயர் போட்ட பிறகுதான் வெளியே வரலாம். அதற்கு முன்னால் கூரை விழுந்தாலும் வரக்கூடாது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். நர்சுகளைக் கேளுங்கள்.

அந்த வருஷம் ஆனி மாதம் உப்பளங்களின் மேல் வீசிய அனல் காற்றோடு மூச்சுக்காய்ச்சல் வந்தது. உப்பு வாருகிறவர்களை முதலில் பிடித்தது, பிறகு அவர்களுக்கு டீ ஆற்றியவர்களை, பிறகு லாரிக்காரர்களை, பிறகு யாரையும் எவரையும் பிடித்தது. ஆஸ்பத்திரி முற்றத்தின் கடைசியில் இருந்த நீள வார்டில் நாற்பத்தோரு கட்டில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஏழு நர்ஸ். அதில் மூன்று பேர் அந்தக் கட்டில்களிலேயே படுத்துவிட்டார்கள். இரண்டு பேர் பிரசவ வார்டில். பச்சைப் பிள்ளைகளைத் தொடுகிறவர்கள் காய்ச்சல் வார்டுப் பக்கம் தலை காட்டக்கூடாது. மிச்சம் இரண்டு பேர். காலை ஏழிலிருந்து இரண்டு வரை ஒருத்தி, இரண்டிலிருந்து மறுநாள் ஏழு வரை ஒருத்தி, வாரத்துக்கு ஒருமுறை மாற்றி.

காலையில் போனவள் ஞானசுந்தரி. ஐம்பத்தாறு வயது, கனத்த உடம்பு, வீங்கும் கால், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்.

இரண்டு மணிக்கு வரவேண்டியவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு ஊர் அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு 'ரெண்டுமணி' என்றே சொல்ல ஆரம்பித்தது. 'அந்தா போறாளே, ரெண்டுமணி.' நாமும் இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்.

ரெண்டுமணி கெட்டவள் இல்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரைப்பு. அந்தக் காய்ச்சல் இரைப்புக்காரர்களை விட்டுவைக்கவில்லை என்பதை அவளே பதினெட்டு நாள் அந்த வார்டில் நின்று பார்த்தவள். மூன்று பேருக்கு அவளே கண்ணை மூடிவிட்டவள். வீட்டில் எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை, தகப்பன் இல்லை. பத்தொன்பதாம் நாள் வெள்ளைச் சேலை கட்டி, குடை எடுத்து, பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். பதினான்காம் நம்பர் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தான், பஸ் போய்விட்டது. அவ்வளவுதான், ஒரு கால்.

ஞானசுந்தரி இரண்டு மணிக்கு ரிப்போர்ட் புத்தகத்தோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டரை வரை நின்றாள். உள்ளே போனாள். அன்று ராத்திரி அவளே பார்த்தாள், மறுநாள் பகல் அவளே, மறுநாள் ராத்திரியும் அவளே. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பதினேழாம் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டூட்டியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே செத்துப்போனாள்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஐந்து பேர் தூக்கிக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். அவள் புருஷன் அருமைநாயகம், ஓய்வுபெற்ற கண்டக்டர், இருபதடி தள்ளி நின்று பார்த்தார். அதற்கு மேல் விடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஞானசுந்தரி டூட்டிக்கு வந்தாள்.

கேட் வாட்ச்மேன் வழக்கம்போல எழுந்து 'வணக்கம் சிஸ்டர்' என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டான். உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. எழுந்து போய் என்ன கேட்பது? அதனால் உட்கார்ந்தே இருந்தான். அவள் நேராக வார்டுக்குப் போய், கையை முழங்கை வரை கழுவி, பிளாஸ்டிக் அங்கியை மாட்டி, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தாள் கட்டி, முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். மற்றவர்களுக்கு அந்தத் தாள் மூச்சுப் பட்டு ஐந்து நிமிஷத்தில் மங்கிவிடும். அவளுக்கு மங்கவில்லை. வித்தியாசம் அது ஒன்றுதான்.

பதினேழாம் கட்டிலில் கிடந்த உப்பளத்து மேஸ்திரி நீலகண்டன் கேட்டார்: "சிஸ்டர், நேத்து நீங்க..."

"ஆமா. வாயைத் திறங்க, மாத்திரை."

வாயைத் திறந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊர் இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாளிலிருந்து அதை வைத்துக் காரியம் பார்க்க ஆரம்பித்தது. காய்ச்சல் கண்டவனை ஆட்டோவில் ஏற்றும்போதே 'ஞானசுந்தரி சிஸ்டர் வார்டுதானே, பயப்படாத' என்று சொல்லி ஏற்றினார்கள். யாரோ ஒருவர் ரோஜா மாலை கொண்டுவந்து வார்டு வாசலில் போட்டார். பூத்தூள் நோயாளிக்கு ஆகாது என்று அவள் அதைக் காலால் ஒதுக்கினாள், துப்புரவு பார்க்கிற உலகம்மாள் அள்ளிக் குப்பையில் போட்டாள். ஆபீஸ் கிளார்க் சொக்கலிங்கம் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக வந்தார் என்றும் போட முடியாமல், லீவு என்றும் போட முடியாமல், பென்சிலால் தினமும் ஒரு புள்ளி வைத்தார். மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், கேட்டுக்கு வெளியிலேயே நின்று போட்டோ எடுத்தார்கள், தியாகம் என்றார்கள், போய், நர்ஸ் தேவைப்படும் வார்டுகளின் பட்டியலிலிருந்து அந்த வார்டை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் சங்கரபாண்டியன் நல்லவர். முப்பது மணிநேரம் தூங்காமல் ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இனிமே அவங்களுக்கு என்ன வந்துறப் போகுது? இன்னொரு உசிரை உள்ள அனுப்பணுமா? விடுங்க."

விட்டார்கள். செத்தவளுக்கு நோவும் அலுப்பும் இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். ஊர் செய்த தப்பு அது.

ஏனென்றால் தினமும் இரண்டு மணிக்கு அவள் வார்டு வாசலுக்கு வந்தாள். கையில் ரிப்போர்ட் புத்தகம். சேலையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்ப்பாள், முற்றத்தைப் பார்ப்பாள், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றுவாள், இரண்டரைக்குப் புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு வரி எழுதிவிட்டு உள்ளே போவாள். முற்றத்தின் இந்தப் பக்கம் கட்டுக் கட்டுகிற அறை. அங்கேதான் ரெண்டுமணிக்கு இப்போது வேலை. நான்காம் நாள் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தவளை யாரும் திட்டவில்லை, யாரும் பேசவுமில்லை. கட்டு அறை காலியாக இருந்தது, அங்கே போய் நின்றுகொண்டாள். புண்ணைக் கழுவினாள், மருந்து வைத்தாள், துணி சுற்றினாள். இரண்டு மணி ஆனால் மட்டும் கை நின்றுவிடும். ஜன்னல் கதவைச் சாத்திப் பார்த்தாள். சாத்திய ஜன்னல் வழியாகவும் தெரிந்தது.

விடுவிக்கப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. வார்டைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன்னால் மேலிடம் ஒரு தடவை டூட்டிப் பட்டியலில் ரெண்டுமணியின் பெயரை அடித்துவிட்டு வேறு ஊர் நர்ஸ் பெயரை எழுதியது. அந்த நர்ஸ் லீவு போட்டாள். இன்னொருத்தி பெயரை எழுதினார்கள், அவளுக்கும் வயிற்று வலி வந்தது. மூன்றாவது பெயருக்கு ஆளே வரவில்லை, தந்தி மாதிரி ஒரு போன் வந்தது. கடைசியில் பழைய பெயரையே எழுதி ஒட்டிவிட்டார்கள். பிறகு, 'ஞானசுந்தரி இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று முத்திரை குத்தின ஆர்டர் ஒன்று வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"ஆர்டர் சரி. ஆளு எங்க?" என்றாள். மடித்து அலமாரியில் வைத்துவிட்டு டிரிப்ஸ் மாற்றப் போய்விட்டாள்.

உலகம்மாளும் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க சிஸ்டர். எனக்குப் படிப்பு இல்ல, ஆனா எந்தக் கட்டில்ல யாரு, யாருக்கு என்ன, எல்லாம் தெரியும்," என்றாள்.

"நீதான் ஏற்கெனவே டூட்டியில இருக்கியே உலகம்மா," என்றாள் ஞானசுந்தரி. "டூட்டியில இருக்கவகிட்ட எப்படிக் குடுக்க?"

அது உண்மைதான். காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்து உலகம்மாள் ஒருநாள் விடாமல் அந்த வார்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

புருஷன் அருமைநாயகம் தினமும் பகலில் வந்து முற்றத்து வேப்பமரத்தடியில் உட்காருவார். கூப்பிட மாட்டார். டூட்டியில் இருக்கும்போது கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது, கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். யாராவது பக்கத்தில் வந்து 'உங்க சம்சாரம் தெய்வம் அண்ணாச்சி' என்றால் அவருக்குக் கோபம் வரும். "தெய்வமாவது மண்ணாவது. அவளுக்குக் கால் வீங்குமய்யா. வீட்டுக்கு வந்தா ரெண்டு தலையணை வச்சு மேல தூக்கிப் போடணும். யாரு போடுதா இப்ப?" என்பார். கேட்டவன் நகர்ந்துவிடுவான்.

ஆடி போய் ஆவணியும் பாதி போனது. அவள் ஷூ கிழிந்து, வீங்கின கால் பக்கவாட்டில் பிதுங்கியது. நடை குறைந்தது. கட்டிலுக்குக் கட்டில் போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு போனாள். எழுத்து சாய்ந்து சாய்ந்து கோட்டை விட்டு இறங்கியது. யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தாலும் என்ன செய்வார்கள்? நன்றாக ஓடுகிற வண்டியை யார் நிறுத்திப் பார்ப்பார்கள்?

ஒருநாள் மத்தியானம் மணி ஒன்றே முக்கால் இருக்கும். ரெண்டுமணி ஒரு கிழவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தாள். வாசலில் அருமைநாயகம் வந்து நின்றார். கையில் ஒரு கவர், கக்கத்தில் பஸ் டெப்போவின் நேரப் பதிவு நோட்டு. நாற்பத்தேழு நாளில் அவர் அவளிடம் வந்தது இதுதான் முதல் தடவை. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாத தாயி. அடிக்க வரல. ஒரு விளக்கம் கேக்க வந்தேன்," என்றார். "நீ பதினாலாம் நம்பர்லதான வருவ?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் இருபத்திரெண்டு வருஷம் விசில் ஊதுன வண்டி அது. இப்ப ஓட்டுதவனும் நம்ம பயதான். மாவட்ட ஆபீஸ்லருந்து டெப்போவுக்குக் கடுதாசி வந்திருக்கு. பதினாலாம் நம்பர் பஸ் ஒரு மாசத்துக்கு மேலாத் தொடர்ந்து தாமதமா வந்ததனால ஆஸ்பத்திரிப் பணி பாதிச்சிருக்காம், விளக்கம் குடுக்கணுமாம். டெப்போ மேனேஜர் என்னையக் கூப்ட்டுக் கத்துதாரு. நான் நோட்டைப் பாத்தேன். இந்தா, நீயே பாரு. ஒருநாள், ஒரு நிமிஷம் லேட்டு இருந்தாக் காட்டு."

அவள் பார்க்கவில்லை. "யாரு அப்படி எழுதுனது?" என்றாள்.

"யாரு எழுதுவா? மூணு மாசக் கணக்குக்கு கிளார்க்கு ரிப்போர்ட் புக்கைப் பாத்துக் காப்பி எடுத்திருக்காரு. தெனமும் ரெண்டரை மணிக்கு ஒரு வரி. நான் போயி என் கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன். அவ கையெழுத்துத்தான்." அவர் குரல் உடைந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "'மாலை டூட்டி சிஸ்டர் வரவில்லை. காரணம், பஸ் தாமதம்.' அடுத்த நாளு, 'பஸ் தாமதம்'. அடுத்த நாளு, 'பஸ் தாமதம்'. நாப்பத்தேழு வரி. இருபத்தெட்டு வருஷம் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல தாயி. உப்புக் கூடிப்போச்சுன்னாக்கூட நான்தான் கூடப் போட்டேன்னு சொல்லுதவ. செத்த பொறவு தெனம் ஒரு பொய் எழுதுதா. யாருக்காக எழுதுதா?"

நர்சுகளுக்குள் அதுவும் ஒரு வழக்கம். வர நேரமானவளைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். பிள்ளைக்குச் சுகமில்லாமல் இருக்கும், புருஷன் குடித்துவிட்டு வந்திருப்பான், அழுது முகம் வீங்கியிருக்கும், எதுவாக இருந்தாலும் புத்தகத்தில் 'பஸ் தாமதம்' என்று எழுதிவிடுவார்கள். பத்து நிமிஷத்துக்கு எழுதுவார்கள், மிஞ்சினால் ஒரு மணிநேரத்துக்கு. ரெண்டுமணிக்காக ஞானசுந்தரியே முன்னால் நான்கைந்து தடவை எழுதியிருக்கிறாள். நாற்பத்தேழு நாளுக்கு யாரும் எழுதினதில்லை.

ரெண்டுமணி வாயைத் திறப்பதற்குள் முற்றத்தில் வாளி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. உலகம்மாள் ஓடிவந்தாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"டாக்டரு எங்க? டாக்டரு எங்க?"

"என்ன உலகம்மா?"

"சிஸ்டரு நின்னுக்கிட்டே தூங்குதாவ! பதினேழாம் கட்டில்ல சிலிண்டர் தீந்து முள்ளு கீழ வந்துட்டு, மேஸ்திரி கைய காலப் போட்டு அடிக்காரு, இவிய முன்னால நின்னு கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குதாவ. நான் புடிச்சு உலுக்கி, நானே வேற சிலிண்டரை உருட்டிட்டு வந்து மாட்டச் சொல்லி... மாட்டிட்டாவ, இந்தத் தடவை மாட்டிட்டாவ. அடுத்த தடவைக்கு யாரு?" மூச்சு வாங்க நின்று ரெண்டுமணியைப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். "இங்க நின்னு என்னத்தக் கட்டுத நீ? உனக்கு இரைப்பு, சரி. பிள்ளை இருக்கு, சரி. எல்லாம் சரிதான். நான் ஒண்ணும் சொல்லல. உள்ள நாப்பத்தோரு பேரு கெடக்கான், அவ்வளவுதான் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு டாக்டரைத் தேடிப் போய்விட்டாள்.

ரெண்டுமணி கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். முகமூடி ஒன்றை எடுத்துக் கட்டினாள். அவளுக்கு ஒன்றும் தைரியம் வந்துவிடவில்லை. நெஞ்சுக்குள் விசில் மாதிரி இரைப்புச் சத்தம் ஆரம்பித்துவிட்டிருந்தது. தைரியம் வரட்டும் என்று பார்த்தால் நாற்பத்தேழு நாளும் அப்படித்தான் போனது என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. பயப்பட்டுப் பயப்பட்டு ஒரு மனுஷிக்கு எவ்வளவு அலுப்பு வருமோ அவ்வளவும் வந்திருந்தது.

"அண்ணாச்சி, என் பிள்ளை தெக்குத் தெரு செபமாலை வீட்டுல இருக்கு. அந்த அக்காவும் எத்தனை நாளைக்குப் பாப்பாவ," என்றாள்.

"நான் இருக்கேன்," என்றார் அருமைநாயகம். "போ."

முற்றம் எண்பது அடி இருக்கும். வெயில். புறநோயாளி வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மணி ஆகியிருந்தது. வார்டு வாசலில் ஞானசுந்தரி ரிப்போர்ட் புத்தகத்தோடு நின்றாள், கடிகாரத்தைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வையை எடுக்கவில்லை.

பக்கத்தில் வந்ததும், "பஸ் லேட்டா?" என்றாள்.

"இல்லக்கா. பஸ்ஸு சரியாத்தான் வந்துச்சு. நான் ஏறல."

கண்ணாடித் தாளுக்குப் பின்னால் ஞானசுந்தரியின் முகம் கழுவிக் கழுவி வெளுத்த துணி மாதிரி இருந்தது.

"முகமூடியை மூக்குக்கு மேல இறுக்கிக் கட்டு. காத்துப் போகுது பாரு," என்றாள். "சரி, வா. ஒண்ணாம் கட்டில்."

கட்டில் கட்டிலாக நடந்தார்கள். ஒன்றாம் கட்டில், லாரி டிரைவர், காய்ச்சல் இறங்கிவிட்டது, ஊசிக்குப் பயப்படுவான், அவன் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டே குத்திவிட வேண்டும். ஐந்தாம் கட்டில் நம்ம மெர்சி சிஸ்டர், தான் நோயாளி என்பதை மறந்து பக்கத்துக் கட்டில் டிரிப்ஸைத் திருகுகிறாள், திட்டு. ஒன்பதாம் கட்டில் கிழவிக்குக் கஞ்சியில் உப்புப் போடாமல் கொடுக்கக்கூடாது, துப்பிவிடுவாள். பதினேழாம் கட்டில் மேஸ்திரி, இன்று நான் அவரைக் கொல்லப் பார்த்தேன், சிலிண்டர் முள்ளை மணிக்கு ஒருதரம் பார். இருபத்திரண்டில் இருக்கிற பிள்ளைக்கு அவள் அம்மா இறந்தது இன்னும் தெரியாது, கேட்டால் நீ எதுவும் சொல்லாதே, கையை மட்டும் பிடித்துக்கொள். முப்பதாம் கட்டில்காரர் நாளை வரை தாங்கமாட்டார், மகனை வரச் சொல்லி வாசலிலிருந்தாவது பார்க்க விடு. இப்படியே சொல்லிச் சொல்லி, நடந்து நடந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நாற்பத்தோராம் கட்டிலுக்கு வந்தபோது மணி மூன்றரை.

"அவ்வளவுதான். எல்லாம் சொல்லிட்டேன்னு நெனைக்கேன்," என்றாள் ஞானசுந்தரி. "எதையாவது விட்டிருந்தா உலகம்மாளைக் கேளு."

புத்தகத்தை நீட்டினாள். ரெண்டுமணி வாங்கி எழுதினாள். ஞானசுந்தரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு அங்கியைக் கழற்றினாள், கையை முழங்கை வரை கழுவினாள், வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் அருமைநாயகம் எழுந்து நின்றார்.

"கால் வலிக்குங்க," என்றாள்.

"வலிக்காமப் பின்ன? வா," என்றார்.

இரண்டு பேரும் மெதுவாகக் கேட்டுப் பக்கம் போனதை வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே போனது ஒருவர்தான் என்று வாட்ச்மேன் சொன்னான். அவன் எழுந்து நின்று சொன்னான்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக நடந்துகொண்டிருந்ததை ரெண்டுமணி கெடுத்துவிட்டாள் என்று பஜாரில் பேசினார்கள், சாகாத நர்சை அனுப்பிவிட்டுச் சாகப்போகிற நர்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனுக்கூடக் கொடுத்தார்கள். மாவட்டம் வேறு வழியில்லாமல் அந்த வார்டை மறுபடியும் பட்டியலில் சேர்த்தது. மறுநாள் காலை ஏழுக்கு வர ஆள் இல்லை. உலகம்மாள் போய் டாக்டர் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். டாக்டர் சங்கரபாண்டியனே வந்து கட்டில் கட்டிலாக நடந்து, காதால் கேட்டு, கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் லீவு போட்டவர்களில் ஒருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. பன்னிரண்டாம் நாள் ரெண்டுமணிக்கும் காய்ச்சல் வந்தது. எட்டாம் கட்டிலில் கிடந்தாள். செத்துப் பிழைத்தாள். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த வருஷம் நிறையப் பேர் அப்படித்தான்.

அந்த ரிப்போர்ட் புத்தகத்தில், கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிற நாற்பத்தேழு வரிக்குக் கீழே, நாற்பத்தெட்டாவது வரி வேறு கையெழுத்தில் இருக்கிறது. 'பஸ் தாமதமில்லை. நாற்பத்தோரு பேரையும் எடுத்துக்கொண்டேன். மணி மூன்று முப்பத்தைந்து. அமலோற்பவம்.'